ஒழுங்காக இருந்த ஒரே டிராயர்

டிராயரை இழுத்த வெரோனிகாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே நிறைய துடோங். மலாய்ப் பெண்கள் தலையில் போடுகிற முக்காடு. எண்ணிப் பார்த்தாள். பதினொன்று.

அவள் காலையிலேயே கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயில் பிடித்துச் செந்தூலுக்கு வந்தது, மகள் சமந்தாவின் வாடகை வீட்டு அலமாரியை அடுக்கத்தான். மாப்பிள்ளை வீட்டார் செந்தூல்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண்ணை இங்கேயே வந்து பார்க்கிறோம் என்றிருந்தார்கள். பாத்ரூமுக்குப் போகிற சாக்கில் மாப்பிள்ளையின் அம்மா அலமாரியைத் திறந்து பார்ப்பாள். மகனுக்குப் பெண் பார்த்தபோது வெரோனிகாவே திறந்திருக்கிறாள்.

பாதி வேலை முடிந்திருந்தது. சேலைகளை ஒரே அகலமாக மடித்துப் புத்தகம் மாதிரி நிற்க வைத்தாயிற்று. தோடுகளுக்கு ஐஸ் டிரே, குழிக்கு ஒரு ஜோடி. ஊக்குகள் எல்லாம் ஒரு பழைய சாவி வளையத்தில். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பெண், வீட்டில் ஒரு சாமானையும் அதன் இடத்தில் வைப்பதில்லை.

இந்த டிராயர் மட்டும் அப்படியில்லை. ஒவ்வொரு துடோங்கையும் துவைத்து, தேய்த்து, ஒரே மாதிரி சுருட்டி, பெரிசு சிறிசு என்று நடுவில் அட்டை வைத்துத் தடுத்திருந்தது.

கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, உங்க மக துடோங் வாங்கி அடுக்கி வெச்சிருக்கா."

"யாருக்கு?" என்றார் திமோத்தி.

"யாருக்கா? ஆஸ்பத்திரியில எவனோ இருக்கான். மதம் மாறப் போறா."

"கூட வேலை செய்றவங்களோடதா இருக்கும் லா."

"பதினொண்ணுமா? அதுல ரெண்டு குழந்தை சைஸ்! இன்னும் கல்யாணமே ஆகலை, பிள்ளைக்கும் சேர்த்து வாங்கிட்டா!"



"ஞாயித்துக்கிழமை வர்றவங்களுக்கு நான் என்ன சொல்றது?" என்றார் திமோத்தி.

"இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. அவ வரட்டும்."

நைட் ஷிப்ட் முடிந்து சமந்தா காலை பதினோரு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கட்டிலில் பரப்பிக் கிடந்ததைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ மா, அதை ஏன் கலைச்சே? சைஸ் வாரியா வெச்சிருந்தேன். அவசரத்துல எடுக்கணும்ல?"

"அப்படி என்ன அவசரம்? யாருடி அவன்?"

"எவன்?"

"நடிக்காதே. இதைப் போட்டுக்கிட்டு யார் வீட்டுக்குப் போகப் போறே?"

சமந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் தெம்பில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"எனக்கில்லை மா. எமர்ஜென்சிக்கு எடுத்துட்டுப் போறது. அங்க வெச்சது தீர்ந்துபோச்சு."

"ஆஸ்பத்திரிக்கா?"

"மோட்டார் சைக்கிள்லேருந்து விழுந்து வராங்க, லோரி மோதி வராங்க. சின்னப் பிள்ளைங்களும் வருது. தலையில அடின்னா துடோங்கைக் கத்தரியால வெட்டித்தான் எடுக்கணும். அப்புறம் அது குப்பைக்குத்தான்."

"அதுக்கு? உயிர் பிழைச்சா போதாதா? அந்த நேரத்துல இதை யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க மா. கண்ணு முழிச்சதும் கை தலைக்குப் போகும். ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்குவாங்க." சமந்தா கடைசிச் சுருளை உள்ளே வைத்தாள். "வெட்டினது நான்தானே."