பார்த்தால் போதும்

பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கம். ஆனால் கூட்டத்தில் ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது!

பீருக்கே பேர்போன மில்வாக்கி நகரத்தில் இப்படி ஒரு கூத்தா என்று டேரிலுக்கு எரிச்சலாக வந்தது. சங்கத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வந்த நாளாக இதே கதைதான்.

விதியெல்லாம் தலைவி லோர்னா போட்டது. அவரவர் வீட்டில் காய்ச்சிய பீரைக் கண்ணாடி கிளாஸில் ஊற்றி, மூடி போட்டு மேஜையில் வைக்க வேண்டும். வாசனை பிடிப்பதும் தப்பு. நிறம், தெளிவு, நுரை பார்த்தே அது என்ன வகை என்று சொல்ல வேண்டும். ருசி பார்க்க ஆசையா? பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போய்க் குடித்துவிட்டுப் போனில் சொல்லலாம்.

"விருந்துக்குக் கூப்பிட்டு, சாப்பாட்டைப் பார்த்துட்டுக் கிளம்புன்னு சொல்ற மாதிரி இருக்கு," என்றான் டேரில்.

"நாக்கு எல்லாருக்கும்தான் இருக்கு. மாநிலப் போட்டியில ஜெயிக்கணும்னா கண்ணைப் பழக்கு," என்றாள் லோர்னா. மற்றவர்கள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள்.

இந்த விளையாட்டில் வெண்டல்தான் ராஜா. சங்கத்தை ஆரம்பித்ததே அவர்தான். ஆனால் மனிதர் யாருடைய பாட்டிலையும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார். மற்றவர்கள் எல்லாரும் டேரிலுக்குப் போன் செய்து நல்லது கெட்டது சொன்னார்கள். அவர் மட்டும் வாயே திறந்ததில்லை.

'பெரிய மனுஷன்! நம்ம சரக்கெல்லாம் அவர் தொண்டையில இறங்காது' என்று டேரில் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தான்.

அன்று லோர்னாவின் கார் ஷெட்டில் கூட்டம். டேரில் ராப்பகலாகப் பாடுபட்டுக் காய்ச்சிய பீர் மேஜையில் இருந்தது.

"வியன்னா லாகர்!" என்றார் ஒருவர்.

வெண்டல் கிளாஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"லாகர் இல்லப்பா. ஓரத்துல பாரு, மாதுளை நிறம் அடிக்குது. வறுத்த பார்லி துளி விழுந்திருக்கு. ஐரிஷ் ரெட் ஏல். ரொம்ப அழகா வந்திருக்கு."

டேரிலுக்குத் தலைகால் புரியவில்லை. ஆர்வத்தில் சட்டென்று மூடியைத் திறந்து, கிளாஸை அவர் வாயருகே நீட்டினான்.

"ஒரே ஒரு வாய், வெண்டல்! நீங்க குடிச்சு நல்லா இருக்குன்னு சொன்னா எனக்கு அது போதும்!"

லோர்னா பாய்ந்து வந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். கிளாஸ் தரையில் விழுந்து உடைந்தது.

"விதின்னா விதி! இஷ்டம் இல்லாட்டி வெளியே போ!"

"போறேன்! உங்க பைத்தியக்காரச் சங்கம் உங்களுக்கே இருக்கட்டும்!"

விறுவிறுவென்று வெளியே வந்து காரில் ஏறினான். சாவியைத் திருப்பும்போது யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். கொட்டுகிற பனியில் கோட்டுகூடப் போடாமல் வெண்டல் நின்றிருந்தார்.

"கோவிச்சுக்காதே தம்பி. அந்த விதி எனக்காகப் போட்டது."

"உங்களுக்காகவா?"

"போன வருஷம் ஈரல் கெட்டுப்போச்சு. இனிமே குடிச்சா ஆள் காலின்னுட்டார் டாக்டர். வாசனை பட்டாலே எனக்குக் கை நடுங்கும். இனிமே வரலைன்னு லோர்னாகிட்ட சொன்னேன். கடைசியா ஒரு தடவை வந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போன்னா. வந்து பார்த்தா, எல்லா கிளாஸுக்கும் மூடி! போட்டிக்குப் பயிற்சி, இனிமே கண்ணால பார்க்கிறது மட்டும்தான்னு லோர்னா ஒரு கதை விட்டா. அத்தனை பேரும் மறுபேச்சில்லாம கை தூக்கினாங்க."

டேரில் தலையில் அடித்துக்கொண்டான். எதை நீட்டிவிட்டேன்! இந்த மனிதரையா திமிர் பிடித்தவர் என்று நினைத்தேன்!

"மன்னிச்சிடுங்க வெண்டல். உள்ளே வந்து லோர்னாகிட்டயும் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்."

காரிலிருந்து இறங்கியவனின் கையை வெண்டல் இறுக்கிப் பிடித்தார்.

"தாராளமா கேளு. ஆனா நான் இதைச் சொன்னேன்னு மட்டும் மூச்சு விட்டுடாதே. போட்டிக்காகத்தான் இதெல்லாம்னு நான் நம்பிட்டேன்னு, அவங்க எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க!"