பூனை தூங்குகிறதா?

மத்தியான வெயில் சலவைக்கடை மெஷின்களின் வட்டக் கண்ணாடியில் விழுந்து, உள்ளே சுழலும் துணிகளோடு தானும் சுழல்கிறது. படுக்கை விரிப்புகளை மடித்தபடியே அவள், சோப்பு டப்பாவில் சாய்த்துவைத்த போனைப் பார்க்கிறாள். திரையில் ஒரு டிவி தொடரின் ரசிகர் குழு. தொடரில் கலங்கரை விளக்கத்துப் படியில் எப்போதும் ஒரு பூனை கண்மூடிக் கிடக்கும். அது தூங்குகிறது என்பது அவள் கட்சி. தூங்குகிற மாதிரி நடிக்கிறது என்பது ‘மொட்டைமாடி’ என்ற பெயரில் எழுதுகிறவரின் கட்சி. முகம் தெரியாத அந்த மனுஷனோடு வருஷக்கணக்காக இதே மல்லுக்கட்டு. “நெஞ்சுல ஆபரேஷன். முடிச்சுட்டு வந்து உங்களை ஒரு கை பாக்கறேன்” என்று எழுதிவிட்டுப் போனவர், அப்புறம் மூச்சே விடவில்லை. குழு வேறு கதைக்குத் தாவிவிட்டது. அவளுக்குத்தான் வேலையில் கை ஓடவில்லை. இளஞ்சூடான விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டுகிறாள்: “சரிங்க, பூனை நடிக்குது. நான் தோத்துட்டேன்.” ஒரு மெஷின் சுற்றிச் சுற்றி அடங்குகிறது. கண்ணாடியில் நுரை மெல்ல வழிகிறது. போன் சோப்பு டப்பாவோடு சேர்ந்து அதிர்கிறது. “அதெப்படி? நல்லா பாருங்க, அது அசந்து தூங்குது” என்கிறார் மொட்டைமாடி. சும்மா விடுவாளா? மடித்த விரிப்பு கலைந்து காலடியில் சரிய, “நடிக்குது” என்று தட்டுகிறாள்.