தனசிங் வண்டிக்கு என்ன விலை?

"நாலு லட்சம்" என்றார் தனசிங்.

புரோக்கர் மயில்சாமி சிரிக்கவில்லை. அவர் தொழிலில் இதைவிடப் பெரிய ஜோக்கெல்லாம் கேட்டிருக்கிறார்.

"ஏனுங்கண்ணா, பதிமூணு வருஷத்துப் பிக்கப்புங்க. அதுவும் மலையில ஏறி எறங்குன வண்டி. மேட்டுப்பாளையத்துக்காரன் மலை வண்டின்னாலே மூஞ்சியத் திருப்பிக்குவான்."

"பேசாத மயிலு. துரு இருந்தாக் காட்டு."

மயில்சாமி கதவைத் திறந்தார், குனிந்தார், அடியில் படுத்தே பார்த்தார். துரு இல்லை. அவர்கள் ஊரான அரவேணுவில் பெய்யும் மழைக்குச் சுவரில் அடித்த ஆணியே இற்றுப்போகும். இந்த வண்டி மட்டும் நேற்று வாங்கியது மாதிரி நின்றது. சொந்தத் தோட்டத்துப் பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்குக் கொண்டுபோவதைத் தவிர அது வேறு வேலை செய்ததில்லை. அதற்கும் அடியில் சாக்கு விரித்து, இறக்கியதும் கழுவித் துடைத்துவிடுவார் தனசிங். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இது நிஜமாகவே பொன் குஞ்சுதான்.

"சரிங்க. கண்டிஷனுக்காக மூணு. அதுக்கு மேல கேட்டீங்கன்னா வண்டி உங்க ஊட்டு வாசல்லயேதான் நிக்கும்."

நிறுத்திவைக்கத் தனசிங்குக்கு வழியில்லை. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. இனிமேல் கிளட்ச்சை மிதிக்கவே கூடாது, ஆபரேஷன்தான் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி விற்ற பணத்தில்தான் முட்டியை மாற்ற வேண்டும். மூன்றுக்குச் சம்மதித்தார்.

முதலில் மஞ்சூர்க்காரர் ஒருவர் வந்தார். வளைவு வரை ஓட்டிப் பார்த்தார். வாயெல்லாம் பல். "அட்வான்ஸ் எடுத்துட்டு வந்துர்றனுங்க" என்று மேலே பஸ் ஸ்டாப்புக்குப் போனார். அங்கே பாலுவின் டீக்கடை. டீ குடித்தவர் திரும்பி வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

அடுத்து கோத்தகிரியிலிருந்து ஒருவர். அவரும் ஓட்டினார், மெச்சினார், டீ குடிக்கப் போனார். பஸ்ஸில் ஏறிய பிறகு போன் வந்தது.

"ஒண்ணரைன்னாச் சொல்லுங்க."

தனசிங் குதிக்க முடியாத காலோடு குதித்தார். "மூணு லட்ச ரூபா வண்டி! பாதி விலைக்குக் கேக்கறான்!"

"டீக்கடையில யாரோ பத்த வைக்கறாங்க போல" என்றாள் மனைவி ரோஸ்லின்.

"யாரோ என்ன யாரோ? எதிர் ஊட்டுக் காளிமுத்துதான். அவன்தான் எந்நேரமும் அங்க பெஞ்சத் தேய்க்கறான். நம்ம வண்டி நல்ல விலைக்குப் போகுதுன்னா வயித்தெரிச்சல் இருக்காதா?"

ரோஸ்லின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அடுப்பில் பால் இருப்பதாக உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை கூடலூரிலிருந்து ஷிஜோ வந்தான். இளைஞன், கறிகாய் வியாபாரம்.

"சேட்டா, வண்டி சூப்பர். மூணுக்கு நான் ரெடி. ஒரு சாயா குடிச்சிட்டு வரேன்."

இந்தத் தடவை தனசிங் விடவில்லை. காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போய், டீக்கடைத் தட்டி ஓரமாக நின்றார். சந்தேகப்பட்டது சரிதான். காளிமுத்துவின் குரல்.

"வேண்டாமுங்க. தனசிங்கண்ணன் தங்கமான மனுசன், வண்டிதான் சரியில்ல. ஓட்டிப் பாத்தா நல்லாத்தான் போகும். யாருக்காச்சும் அவசரம்னாத்தான் மக்கர் பண்ணும். பாலு ஊட்டுக்குத் தகரம் ஏத்தலாம்னு போனா கிளட்ச் போயிருச்சு. சர்ச்சு பண்டிகைக்குச் சேர் ஏத்தக் கேட்டா பிரேக் புடிக்கல. எங்கம்மா வழுக்கி உழுந்து கால் ஒடிஞ்ச அன்னிக்குப் பேட்டரி செத்துப்போச்சு. நாற்காலியில உக்கார வெச்சு மேல ரோடு வரைக்கும் தூக்கிட்டு வந்தோமுங்க. மலை ரோடு, உசுரு சமாச்சாரம். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா பழி அந்த நல்ல மனுசன் தலையில உழும்."

தனசிங் உள்ளே பாய்ந்தார்.

"எவன்டா சொன்னது என் வண்டி ரிப்பேருன்னு?"

காளிமுத்து மரியாதையாக எழுந்து பெஞ்சில் இடம் விட்டான்.

"நீங்கதானுங்கண்ணா சொன்னீங்க. ஒவ்வொரு தடவையும்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த பாலு, ஆமாம் என்று தலையாட்டினார்.

ஷிஜோ கிளாஸைக் கீழே வைத்தான். "சேட்டா, நேரா சொல்லுங்க. வண்டியில கோளாறு உண்டா, இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று லட்சம். முட்டி சரியாகிவிடும். ஆனால் அந்த வார்த்தையைக் காளிமுத்துவின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பெயிண்டில் கீறல் விழுந்துவிடுமே என்று வாய்க்கு வந்ததைச் சொன்ன நாட்களெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. தனசிங்கை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உண்டு" என்றார். "ஒண்ணரைக்கு எடுத்துக்கங்க."

ஷிஜோ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றான்.

வெளியே இறங்கும்போது படியில் தனசிங்குக்குக் கால் மடங்கியது. காளிமுத்து ஓடிவந்து தோள் கொடுத்தான்.

"உடுங்கண்ணா, ஓட்டை வண்டி தொலஞ்சுது. ஆபரேசன் அன்னிக்கு நாங்க நாலு பேரு ரோடு வரைக்கும் தூக்கியாந்துர்றோம். எங்கம்மாவத் தூக்குன நாற்காலி ஊட்டுல அப்படியே இருக்குதுங்க."