வலது பின்சக்கரம்

குவாரியின் மேடுபள்ளங்களில் ஓடும் நாலு சக்கர பைக்குக்குப் பின்சக்கரம் இரண்டு, சக்கரத்துக்கு நான்கு நட்டு. மெக்கானிக் தினமும் காலையில் எட்டையும் இறுக்குவார். போதுமான அளவு இறுகியதும் ஸ்பானர் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். எட்டு டக் கேட்காமல், தலைகீழாக நின்றாலும் வண்டியைக் கொடுக்கமாட்டார்.

போன வருஷம் அப்படியில்லை. இடது சக்கரம் முடிந்ததும் போன் வந்தது. பேசிவிட்டு வலதை மறந்துபோனார். வண்டியை எடுத்துப்போன தங்கை புருஷன் சரிவில் சக்கரம் கழன்று செத்தான். எல்லோரும் தலையெழுத்து என்றார்கள். மெக்கானிக் வாயைத் திறக்கவில்லை.

இன்று இடது சக்கரம் முடிந்ததும் போன் அடித்தது. தங்கைதான். ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சுண்ணே."

வண்டியின் வலது பக்கத்தில் டக் என்றது. அங்கே யாரும் இல்லை.

"வேலையா இருக்கியா?"

"இல்லம்மா, சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்."

டக்.

"பொய் சொல்லாதே, எனக்கே சத்தம் கேக்குது. முதல்ல அதை முடிண்ணே. பாதியில விட்டுடாதே."

மூன்றாவதும் கேட்டது. மெக்கானிக் மடியிலிருந்த ஸ்பானரை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

நான்காவது டக் கேட்டது.