மாட்டுப்பொங்கலன்று ஓர் இலை பொங்கல்

மகள் செவ்வந்திக்குப் பார்வை தரவேண்டிய ஸ்டெம் செல்கள் எங்கள் மொட்டைமாடி ஆட்டின் உடம்பில் வளர்ந்துகொண்டிருந்தன. அவை வளரும் நாற்பது நாளும் ஆட்டுக்கு அரைவயிற்றுத் தீவனம்தான். வயிறு நிறைந்தால் செல்கள் வளராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மாட்டுப்பொங்கலும் அதுவுமாய் ஆடு பசியில் கத்தியதைத் தாங்க முடியாமல், ஓர் இலை நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்துவிட்டேன்.

மறுநாள் சோதிக்க வந்த நர்ஸ் உதட்டைப் பிதுக்கினார். “எல்லாம் போச்சு. அடுத்த ஆடு கிடைக்க மூணு வருசம் ஆகும். யாருங்க இதுக்குத் தின்னக் குடுத்தது?”

“தெரியலியேம்மா” என்றேன்.

அவர் போனதும் செவ்வந்தி தடவித் தடவி வந்து என் கையைப் பிடித்தாள்.

“நேத்துதாம்ப்பா ஆடு கத்தாம தூங்குச்சு. யாரு குடுத்தாங்கன்னு தெரிஞ்சா தேங்க்ஸ் சொல்லணும்ப்பா.”

இன்னும் நான் சொல்லவில்லை.