பறக்காத பூச்சி

கூடத்து மணி பிளான்டின் காம்புகளில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருந்தது. கணவர் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"இது மாவுப்பூச்சி. பறக்காது. யார் கையிலயோ துணியிலயோ ஒட்டிக்கிட்டுத்தான் வரணும். நீ மாடிக்குப் போனியா?"

மாடியில் இருப்பது அவருடைய தம்பி. சண்டை வந்து ஆறு மாதமாகிறது. மாடிப்படியை இந்த வீட்டில் யாரும் மிதிக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

"நான் எதுக்குப் போறேன்?" என்றாள் மனைவி, சோப்புத் தண்ணீரைக் கலக்கியபடி. "கடையில வாங்கின செடியிலேர்ந்து வந்திருக்கும்."

"நாம செடி வாங்கியே ரெண்டு வருஷமாச்சு."

"அப்போ ஜன்னல் வழியா வந்திருக்கும்."

"பூசி மெழுகாதே. அவன் படுக்கையறை அலமாரி மேல ஒரு செடி இருக்கே, அது முழுக்க இதே பூச்சிதான்."

மனைவி கலக்குவதை நிறுத்தினாள்.

"அலமாரி மேல இருக்கிற செடியா? அதை நீங்க எப்போ பாத்தீங்க?"

கணவர் பூதக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"புதன்கிழமை," என்றார் கடைசியில். "புதன்கிழமை மட்டும்தான் போவேன். வேற நாள்ல வர வேண்டாம்ணான்னு அவன்தான் சொன்னான்."

மனைவி ஒரு இலையைத் திருப்பி, நிதானமாகத் துடைத்தாள்.

"என்னை வெள்ளிக்கிழமை மட்டும் வாங்க அண்ணின்னாரு."