மாப்பிள்ளை வாட்ச்

"அந்தப் பூட்டுன அலமாரியில இருக்கே, அதை எடுங்கண்ணே" என்று மாப்பிள்ளை பரணிதரன் கைகாட்டியதும் அங்கமுத்துவுக்கு நெஞ்சு பக்கென்றது.

ஜெயங்கொண்டத்தில் அந்த வாட்ச் கடையில் ஒரே ஒரு அலமாரிக்குத்தான் பூட்டு. அதற்குள் என்ன விலையில் சரக்கு இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் நர்மதாவுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா சபையில் மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டிவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். "எனக்கு மாடலெல்லாம் தெரியாது மாப்ளே. நீங்களே வந்து புடிச்சதை எடுத்துக்குங்க" என்று போனில் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார் அங்கமுத்து. சொன்ன அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் கிடையாது. முந்திரிக்கொட்டை விற்ற பணத்தில் ஐயாயிரம்தான் சட்டைப் பையில் இருந்தது. அதற்கு மேல் போனால் கடைக்காரர் முன்னால் மானம் போய்விடும்.

"தம்பிக்கு நல்ல கண்ணு" என்றார் கடைக்காரர் இராமலிங்கம். "இதுக்கு பேட்டரியே வேணாம். கை அசைஞ்சா அதுவா ஓடும். கண்ணாடியில கீறல் விழாது. பதினெட்டாயிரம்தான்."

பாவி, பதினெட்டாயிரம் இவனுக்குப் பதினெட்டு ரூபாய் மாதிரி இருக்கிறதே என்று அங்கமுத்து கடைக்காரரை மனதுக்குள் திட்டினார். வெளியே பல்லைக் காட்டினார்.

பரணிதரன் கட்டிப் பார்த்தான். மணிக்கட்டைத் திருப்பினான். காதருகே வைத்துக் கேட்டான். கழற்ற மனமில்லாமல் இன்னொரு முறை திருப்பினான்.

"எப்படி மாமா இருக்கு?"

"உங்களுக்கென்ன மாப்ளே, எதைக் கட்டினாலும் எடுப்பாத்தான் இருக்கும்."

சொல்லும்போதே அவர் கை சட்டைப் பைக்குப் போய்விட்டு வந்தது.

"கொஞ்சம் கனமா இருக்குண்ணே. வேற காட்டுங்க" என்று கழற்றி வைத்தான் பரணிதரன்.

பன்னிரண்டாயிரத்தில் ஒன்று வந்தது. டயல் பெரிசு என்றான். ஒன்பதாயிரத்தில் வந்ததற்குத் தங்கக் கலர் பிடிக்காது என்றான். ஆறாயிரத்தை எடுத்துப் போட்டால், "செயின் குத்துதுண்ணே" என்றான்.

இராமலிங்கத்துக்கு எரிச்சலாக வந்தது. அடுத்தவர் காசில் வாங்குவதற்கே இத்தனை நொள்ளை சொல்கிறானே என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

அதற்குள் அங்கமுத்துவுக்குப் பந்தல்காரரிடமிருந்து போன் வர, பேசுவதற்கு வாசலுக்குப் போனார்.

இராமலிங்கம் கேட்டேவிட்டார். "தம்பி, முதல்ல கட்டினது உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு. அதுல என்ன குறை?"

"குறையே இல்லண்ணே" என்று குரலைத் தாழ்த்தினான் பரணிதரன். "நான் இதுவரைக்கும் நல்ல வாட்ச்சே கட்டினதில்ல. அந்த மாதிரி ஒண்ணு வாங்கணும்னு காலேஜ்லேருந்து ஆசை. ஆனா மாமா வந்ததுலேருந்து நாலு தடவ சட்டைப் பையைத் தொட்டுப் பாத்துட்டாரு. அவரைச் சங்கடப்படுத்தி எனக்கு எதுக்குண்ணே வாட்ச்? மூணு, நாலாயிரத்துக்குள்ள நாள்பட உழைக்கிறதா ஒண்ணு எடுங்க. அவரு வர்றதுக்குள்ள."

இராமலிங்கம் வெள்ளை டயல், லெதர் பட்டை வைத்த ஒன்றைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இவன்மேல் எரிச்சல்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது அவருக்கு.

அங்கமுத்து திரும்பி வந்தார்.

"இதுதான் மாமா. பாத்ததும் புடிச்சுப் போச்சு."

"எவ்ளோங்க?"

"மூவாயிரத்து இருநூறு" என்றார் இராமலிங்கம்.

அங்கமுத்து இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு பணத்தைக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு டீ வாங்கிக் கொடுத்து அரியலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தான் விக்கிரமங்கலம் பஸ்ஸில் ஏறினார். உட்கார்ந்ததும் மனைவி பொன்னுத்தாய்க்குப் போன் போட்டார்.

"என்னங்க, ஐயாயிரம் பத்துச்சா?"

"மூவாயிரத்து இருநூறுதான் ஆச்சு."

"அப்பாடா! இப்பதான் வயித்துல பாலை வார்த்தீங்க."

"என்னத்த பாலு? பதினெட்டாயிரத்து வாட்ச்சைக் கட்டிப் பாத்தான். கழட்டி வச்சுட்டான். வாங்கித் தர்றது நானு. சும்மா கிடைக்கிறதை எவனாவது வேணாம்பானா?"

"புடிக்கலைன்னா வேணாம்பாரு. அதுக்கென்ன இப்ப?"

"நகை எவ்ளோன்னு கேக்கல. வண்டி கேக்கல. கல்யாணச் செலவுல பாதி தர்றேங்கிறான். சரி, வாட்ச்சுலயாவது கேப்பான்னு பாத்தா, அதுலயும் கேக்க மாட்டேங்கிறான்."

"கேட்டுருவாரோன்னுதான நாலு நாளா தூங்காம புரண்டீங்க?"

"அதுக்காக? ஒருத்தன் ஒண்ணுமே கேக்கலைன்னா எங்கயோ கோளாறு இருக்குன்னு அர்த்தம். உடம்புல என்ன சீக்கோ, ஏற்கெனவே எங்க தாலி கட்டியிருக்கானோ, யாரு கண்டா?"

"நர்மதாவுக்குப் புடிச்சிருக்குங்க..."

"அதுக்கு என்ன தெரியும்? நீ ஒண்ணு பண்ணு. ஆண்டிமடத்துல ஒரு பையன் வந்தான்ல, இருவது பவுனும் காரும் கேட்டாங்கன்னு கன்னாபின்னான்னு திட்டி அனுப்புனமே... அவனுக்குப் பொண்ணு அமைஞ்சிருச்சான்னு தரகர்கிட்ட விசாரி. அதுதான்டி நல்ல குடும்பம்."